மாமா கூட்டிப்போன ஜார்ஜியாக் கடை

எங்கள் வீட்டில் ஓட்டலில் சாப்பிடுவது ஏறக்குறைய ஒழுக்கக்கேடு. வீட்டில் அரிசி இருக்கும்போது வெளியே காசு கொடுத்துத் தின்கிறவனுக்குப் புத்தி மட்டு என்பது அம்மாவின் தீர்மானம். அப்பாவுக்கு வேறு கருத்து இருந்திருக்கலாம். அம்மா பேசும்போது அவர் அதை வெளியே எடுப்பதில்லை. ஆக்லாந்தில், த்ரீ கிங்ஸ் என்ற பகுதியில் வாடகை வீட்டில் இருந்த காலம் அது.

அந்தத் தீர்மானத்தில் ஓட்டை போட்டவர் மாமா. அம்மாவின் ஒரே தம்பி, தூத்துக்குடிக்காரர், சரக்குக் கப்பலில் எஞ்சின் பார்க்கிறவர். அவர் கப்பல் அவ்வப்போது ஆக்லாந்துக்கு வரும். இறங்கினதும் அக்கா வீட்டுக்கு வருகிற வழக்கம் கிடையாது. துறைமுகத்துக்கு மேலே ஒரு சந்தில் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை, முதலில் அங்கேதான் போவார். சோவியத் நாட்டு ஜார்ஜியாவிலிருந்து உலகப் போருக்குப் பிறகு அகதியாக வந்த ஒரு பெரியவரும் அவர் மகளும் நடத்திய கடை.

“எத்தனை துறைமுகம் பாத்துட்டேன், இந்தச் சாப்பாடு எங்கயும் கிடையாதுக்கா” என்பார்.

“அப்படி என்னடா, தங்கத்தையா தாளிச்சுப் போடுறாங்க?” என்பாள் அம்மா. மாமா சிரித்து மழுப்பிவிடுவார்.

எனக்கு எட்டு வயதிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்களை எல்லாம் அங்கே கூட்டிப்போனார். மூச்சு விடாமல் பேசுகிற மனுஷன், அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டையும் தானுமாக வாயே திறக்காமல் வந்தார். கடையில் எங்களைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. இவ்வளவு நல்ல கடைக்கு ஏன் கூட்டமே இல்லை என்று அப்பா அம்மாவின் காதில் கேட்டார்.

பெரியவர் கோப்பையோடு எழுந்து நின்று தன் இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார். அது அவர்கள் வழக்கமாம். பேசி முடிக்காமல் யாரும் ஒரு வாய் குடிக்கக் கூடாது. வந்தவர்களுக்காகப் பேசினார், செத்துப்போனவர்களுக்காகப் பேசினார், பிள்ளைகளுக்காகப் பேசினார். நான்தான் அங்கிருந்த ஒரே பிள்ளை. தாகத்தில் எனக்கு நாக்கு வறண்டது.

அப்புறம் சாப்பாடு வந்தது. அக்ரூட் பருப்பை அரைத்து உள்ளே வைத்துச் சுருட்டிய கத்தரிக்காய். கொழுக்கட்டை மாதிரி மடித்து, உள்ளே கறியும் சாறுமாக ஒன்று. அதைக் கையால்தான் சாப்பிட வேண்டுமாம், முள்கரண்டி கூடாதாம். அப்பாவுக்கு அந்த நாட்டின் மேல் அங்கேயே மரியாதை வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலே, ஆளுக்கொன்றாக, படகு போல ஒரு ரொட்டி. நடுவில் உருகிய சீஸும் ஒரு முட்டையும். நான் என்னுடையதை நொடியில் முடித்தேன்.

அம்மா தன் ரொட்டியைப் பிய்க்கப் போன நேரம், அப்பா உப்பு கேட்டார். மாமா எழுந்து நேரே சமையல்கட்டுக்குள் போய், யாரையும் கேட்காமல் மேல் தட்டிலிருந்து உப்பை எடுத்து வந்தார். எதிரே வந்த அந்த மகள், வெகு இயல்பாக, அவர் சட்டைக் கையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டுப் போனாள். அம்மா பார்த்தாள். கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

எங்கள் பக்கத்தில், சம்பந்தம் பேசி முடிக்கிறவரை பெண் வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்க மாட்டார்கள். காப்பி குடிக்கலாம், உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அப்பா ஏற்கெனவே வாய் நிறையச் சம்மதித்திருந்தார். ஆனால் அவர் சம்மதம் கணக்கில் வராது. தாய் தகப்பன் போன பிறகு தம்பியை வளர்த்தவள் அம்மா. அவள் வேண்டாம் என்றால் மாமா மீற மாட்டார்.

“டேய், பொண்ணு வீட்டுக்கா கூட்டிட்டு வந்திருக்கே?”

“ஆமாக்கா.”

“ஊர்ல உனக்குப் பொண்ணு பேசி வெச்சிருக்கேனே, அவங்களுக்கு நான் என்னடா பதில் சொல்லுவேன்? எந்த முகத்தோட போய் நிப்பேன்?”

மாமா தலையைக் குனிந்துகொண்டார். பெரியவர் உட்காரவே இல்லை. அந்த மகள் சமையல்கட்டு வாசலில் நின்று அம்மாவின் தட்டையே பார்த்தாள். அருகில் வந்து, “பிடிக்கவில்லையா?” என்று இங்கிலீஷில் மெதுவாகக் கேட்டாள்.

இந்தப் பேச்சு எல்லாம் என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. என் கண் முழுக்க அந்த ரொட்டியில்தான். சீஸ் வேறு ஆறிக்கொண்டிருந்தது.

“உனக்கு வேண்டாம்னா எனக்குக் குடும்மா” என்று சொல்லி, பதிலுக்குக் காத்திராமல் தட்டை என் பக்கம் இழுத்தேன்.

பட்டென்று என் கையில் ஒரு அடி விழுந்தது. அம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “வேண்டாம்னு யாருடி சொன்னா?” என்றாள். மாமாவை ஒரு தரம் பார்த்தாள். ரொட்டியின் முனையைப் பிய்த்து, முட்டையில் தோய்த்து, வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினாள். பிறகு முழுவதையும் சாப்பிட்டாள். ஒரு துண்டு எனக்குத் தரவில்லை. மாமா கர்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பெரியவர் மறுபடியும் பேச ஆரம்பித்தார்.

காரில் நான் யாரோடும் பேசவில்லை. முன் சீட்டில் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி, வீடு வரும்வரை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பெற்ற பிள்ளைக்கு ஒரு துண்டு ரொட்டி கொடுக்காமல் தின்றதற்குத்தான் அழுகிறாள், நல்லா அழட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.