அப்பாவின் சிறிய ரவுட்டரும் முப்பது மில்லிமீட்டர் துளையும்

நடந்தவை, வரிசைப்படி:

1. ஆங் மோ கியோவில் இருந்த மரவேலைப் பட்டறையில் அப்பாவும், அம்மாவின் ஒரே தம்பியான மாமாவும் பதினாறு ஆண்டுகள் சேர்ந்து வேலை செய்தார்கள்.

2. அப்பாவின் வலது மணிக்கட்டில் அறுவைச் சிகிச்சை நடந்தது. கனமான மெஷின்களை இனித் தொடக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

3. பலகைகளின் விளிம்பை உருட்டுவதற்கு, ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் சிறிய ரவுட்டர் ஒன்றை அப்பா மூன்று வாரம் யோசித்து வாங்கினார்.

4. பொங்கோலில் ஒரு வீட்டுக்காகச் செய்த சாமி மேடையின் அடிப்பலகை, விளிம்பு கருகி, அங்கங்கே கடிபட்டுப் போய்ச் சேர்ந்தது.

5. அது அப்பாவின் கைவேலை என்று மாமா அந்த வீட்டாரிடம் சொன்னார்.

6. எட்டு மாதம் கழித்து அப்பா இறந்தார்.

7. அப்பாவின் உடல் இருந்த இடத்திலேயே மாமா அதை மறுபடியும் சொன்னார்.

8. ஐந்திலும் ஏழிலும் மாமா சொன்னது பொய்.

இந்த முதலாண்டு நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் பெரும்பாலோர் ஏழாவது நிகழ்ச்சியின்போது அங்கே இருந்தவர்கள். அதனால்தான் பிறப்பு, படிப்பு, பண்பு என்று வழக்கமாக எழுதுவதற்கு முன்பாக இதை எழுத வேண்டியதாயிற்று. அவற்றையும் எழுதுகிறேன். அப்பாவைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது.

அப்பா சிராங்கூன் சாலைக்குப் பின்னால் இருந்த ஒரு கடைவீட்டின் மாடியில் பிறந்தார். ஆறு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு ஜன்னல். பதினாறு வயதில் தொழிற்பள்ளியில் மரவேலை படித்தார். முதல் வேலை ஒரு நாற்காலித் தொழிற்சாலையில். பள்ளி நாற்காலிகளின் முதுகுப்பலகையைத் தேய்ப்பது மட்டும்தான் அவருக்குக் கொடுத்த வேலை. மூன்று ஆண்டுகள் அதையே செய்தார். அந்த மூன்று ஆண்டுகளைப் பற்றி ஒருமுறைகூட அவர் குறைசொல்லிக் கேட்டதில்லை. அம்மாவைத் திருமணம் செய்த மறு ஆண்டு சொந்தப் பட்டறை வைத்தார். பல ஆண்டுகள் கழித்து, தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணியை முடித்து வேலை இல்லாமல் வீட்டில் இருந்த மச்சினரை, யாரும் கேட்காமலேயே, கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார்.

அப்பாவின் குணங்கள் பலவற்றை நீங்களே அறிவீர்கள். நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன். எந்தப் பொருளையும் வாடிக்கையாளருக்கு அனுப்பும் முன்னால், கண்களை மூடிக்கொண்டு அதன் எல்லா விளிம்புகளிலும் உள்ளங்கையை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார். "நடுப்பலகைய யாரு தொடப் போறா? இடுப்பு இடிக்கிறது, பிள்ளைங்க தலை முட்டுறது, எல்லாம் ஓரந்தான்" என்பார். கையில் ஏதாவது தட்டுப்பட்டால் லாரி காத்திருக்க வேண்டும்.

இனி ரவுட்டருக்கு வருகிறேன். இணையத்துக்கு வைக்கும் பெட்டியைச் சொல்லவில்லை. அடியில் ஒரு தட்டு, தட்டின் நடுவே ஒரு துளை, துளையின் வழியே கீழே நீட்டிக்கொண்டு வேகமாகச் சுழலும் ஒரு வெட்டும் பிட். பலகையின் ஓரமாக நகர்த்தினால் கூரான விளிம்பு உருண்டையாகும். இவ்வளவுதான் அந்தக் கருவி. பட்டறையில் இருந்த பெரிய ரவுட்டர் ஐந்து கிலோவுக்கு மேல். அப்பாவின் மணிக்கட்டு அதைத் தாங்காது.

நான் பாலிடெக்னிக்கில் துல்லியப் பொறியியல் படித்தேன். இயந்திரப் பாகங்களை அளந்து சரிபார்க்கும் ஆய்வகத்தில் இப்போது வேலை செய்கிறேன். ஆகவே, சந்தையில் கிடைத்த பதினொரு சிறிய ரவுட்டர்களை அட்டவணையாக்கினேன். எடை, வேகம், சத்தம், பிடியின் சுற்றளவு, எல்லாவற்றுக்கும் மதிப்பெண். பேட்டரியில் ஓடும் ஒன்று முதலிடத்தில் வந்தது. அப்பா அட்டவணையைப் பொறுமையாக முழுதும் படித்தார். பிறகு ஜாலான் புசாரில் உள்ள ஹார்டுவேர் கடைக்கு என்னை அழைத்துப் போய், அந்த முதலிட ரவுட்டரை ஒரு மேசையின் ஓரத்தில் நிறுத்திக் காட்டினார்.

"பாத்தியா மா? ஓரத்துல ஓட்டுறப்ப பாதித் தட்டு பலகை மேல, மீதிப் பாதி காத்துல. பேட்டரி உச்சியில உக்காந்திருக்கு. தலை கனத்துச்சுன்னா சாஞ்சிடும். சாஞ்சா ஓரத்துல பள்ளம்."

என் அட்டவணையில் அதற்கு ஒரு பத்தியே இல்லை. அன்று சேர்த்தேன்.

அப்பா இறுதியாக எடுத்தது ஒயர் வைத்த, ஒன்றரைக் கிலோவுக்கும் சற்றே கூடுதலான ஒன்று. அவர் சொன்ன காரணங்கள் நான்கு. கனம் அடியில் இருக்கிறது. சுவிட்ச் போட்டதும் உதறாமல் மெதுவாகச் சுழலத் தொடங்குகிறது, மணிக்கட்டுக்கு நல்லது. மரத்துக்கு ஏற்றபடி வேகத்தைக் குறைக்கலாம். பிட் மரத்தைத் தொடும் இடம் கண்ணுக்குத் தெரிகிறது. நான் ஒரே ஒரு குறை சொன்னேன்: தட்டின் துளை முப்பது மில்லிமீட்டர்தான், பெரிய பிட் எதுவும் போகாது. அப்பா சிரித்தார். "பெரிய பிட்ட எனக்கு டாக்டரே வேணாம்னுட்டாரு."

அன்று லாரியை ஓட்டி வந்தவர் மாமா. கடைக்குள் வந்து பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"என்ன அத்தான் இது, தாடி வழிக்கிற மெஷினா?"

"சின்ன வேலைக்கு மாப்ள."

மாமா கடையின் கண்ணாடிப் பெட்டியிலிருந்து பதினாறு மில்லிமீட்டர் வளைவு வெட்டும் பிட் ஒன்றை எடுத்தார். பட்டறையின் பெரிய ரவுட்டரில் இருப்பதும் அதே பிட்தான். அதன் தலை நாற்பத்து நான்கு மில்லிமீட்டர் அகலம். அதை அப்பாவின் ரவுட்டர் துளையில் வைத்து அழுத்தி, கடையில் இருந்த எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார்.

"பாருங்க பாருங்க, தலையே நுழையல! அங்கிள், யூ ஸீ, கெனாட் கோ இன் லா! இத வச்சு என்ன அத்தான் பண்ணப் போறீங்க, காது குடையவா?"

கடைக்கார அங்கிள் சிரித்தார். நானும் சிரித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அப்பா பெட்டியை மூடினார். "சரி மாப்ள. பெரிய பிட்டு நீ ஓட்டு. சின்னது நான் ஓட்டுறேன்." அன்றிலிருந்து பட்டறையின் ஏற்பாடு அதுதான்.

பொங்கோல் சாமி மேடையில் மேல்தட்டுகள் மூன்று. அவற்றின் விளிம்புகளை அப்பா சிறிய ரவுட்டரால் ஆறு மில்லிமீட்டர் வளைவுக்கு உருட்டினார். அடிப்பலகை முப்பத்தாறு மில்லிமீட்டர் தடித்த தேக்கு. அதற்குப் பெரிய வளைவு வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டிருந்தார். அதை வெட்டிய நாளில் அப்பா மணிக்கட்டுச் சிகிச்சைக்குப் போயிருந்தார்.

ரவுட்டரை, பிட் சுழலும் திசைக்கு எதிராகத் தள்ள வேண்டும். அப்போதுதான் அது கைக்கு அடங்கும். சுழலும் திசையிலேயே தள்ளினால் தானாகவே இழுத்துக்கொண்டு ஓடும், வேலை பாதி நேரத்தில் முடியும், ஆனால் துள்ளித் துள்ளி மரத்தைக் கடிக்கும். "ஈசி லா, தானா போவுது பாரு" என்று மாமா அப்படி ஓட்டுவதை நான் பட்டறையில் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்பா ஒவ்வொரு முறையும் மெஷினை நிறுத்தச் சொல்வார். அன்று நிறுத்தச் சொல்ல ஆள் இல்லை.

புதுமனை புகுவிழாவுக்கு இரண்டே நாள். மாற்றுப் பலகைக்கு நேரமில்லை. மாமாவே கொண்டுபோய் மாட்டினார். மறுநாள் அந்த வீட்டு அம்மையார் அப்பாவின் தொலைபேசிக்கு ஒரு செய்தி அனுப்பினார். "பரவாயில்லை அங்கிள், உங்கள் கை நடுக்கத்தைப் பற்றிச் சொன்னார்கள். ஓய்வெடுங்கள்."

அப்பா அதை இரண்டு முறை படித்ததைப் பார்த்தேன்.

"நீங்களாப்பா செஞ்சீங்க?"

"விடு மா."

"அடிப்பலகைய நீங்க தொடவே இல்லையே!"

"அம்மாவுக்கு ஒரே தம்பி. விடு. யார்கிட்டயும் சொல்லாத."

அப்பா உயிரோடு இருந்தவரை அந்தச் சொல்லை நான் மீறவில்லை. அதற்குப் பிறகு அது என்னைக் கட்டுப்படுத்துவதாக நான் நினைக்கவில்லை.

அதன்பின் பட்டறைக்கு வந்தவர்கள், "வேலைய யாரு செய்வாங்க, உங்க அத்தானா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். மாமா ஒருநாளும் மறுத்துச் சொல்லவில்லை. அப்பா பட்டறைக்குப் போவதைக் குறைத்தார், பிறகு நிறுத்தினார். தம் உள்ளங்கையை விளக்கின்கீழ் நீட்டி வைத்து, நடுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். நடுங்கவில்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டிருப்பார். மாமாதான் அப்பாவைக் கொன்றார் என்று நான் எழுதவில்லை. மாரடைப்பு என்று சான்றிதழில் இருக்கிறது, நான் சான்றிதழ்களை மதிப்பவள். ஆனால் அந்த எட்டு மாதத்தை அப்பாவிடமிருந்து எடுத்துக்கொண்டவர் மாமா.

மருத்துவமனையில் கடைசி நாளன்று, கட்டிலோடு இருந்த சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் அப்பா கட்டைவிரலை ஓட்டினார். "பிளாஸ்டிக்தான். ஆனா நல்லா உருட்டியிருக்கான்" என்றார். அவர் என்னிடம் முழுதாகப் பேசிய கடைசி வாக்கியங்கள் அவை.

மாமாவின் குரல் உங்கள் எல்லோருக்கும் தெரியும். நம் குடும்பத்தில் எந்த நினைவு நாளிலும், சாப்பாட்டுக்கு முன்னால், மலரின் முதல் கட்டுரையை ஒலிவாங்கியில் வாசிப்பவர் அவர்தான். அப்பாவின் உடல் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இருந்தபோது, நான் மூன்று மேசை தள்ளி மாலைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்தக் குரலுக்கு மூன்று மேசை ஒரு தூரமே இல்லை.

"அத்தான் தங்கமான மனுஷன் லா. கடைசியில கைதான் போயிருச்சு. அந்தப் பொங்கோல் சாமி மேடைய நீங்க பாத்திருக்கணும், எலி கடிச்ச மாதிரி! நான்தான் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன்."

இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கும் மலர் கொடுக்கப்பட்டிருக்கிறது.

காரியம் முடிந்த வாரம், வளைவை அளக்கும் தகடுகளை ஆய்வகத்திலிருந்து அனுமதி பெற்று எடுத்துக்கொண்டு பொங்கோலுக்குப் போனேன். அந்த வீட்டு அம்மையார் அடிப்பலகையின் ஓரத்தைப் பட்டுத்துணியால் மூடி வைத்திருந்தார். துணியை விலக்கினார்.

"உங்க மாமாதான் கொண்டாந்து மாட்டினாரு. உங்க அப்பா வரவே இல்லயே. இப்ப எதுக்கும்மா இதெல்லாம்?"

"அளக்கணும் ஆன்ட்டி. அஞ்சு நிமிஷம்."

மூன்று மேல்தட்டுகளும் ஆறு மில்லிமீட்டர், தழும்பு ஏதுமில்லை. அடிப்பலகையில் பதினான்கு கடிகள், ஒன்பது கருகல்கள். வளைவு சரியாகப் பதினாறு மில்லிமீட்டர். அந்த வளைவை வெட்டும் பிட் அப்பாவின் ரவுட்டர் துளையில் நுழையாது. இதை நான் கண்டுபிடிக்கவில்லை. கடை நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு மாமாவே செய்து காட்டியது இது. சிரிப்பதற்காகச் செய்ததால் மறந்துவிட்டார்.

அந்த வீட்டுக்குப் புதிய தேக்குப் பலகை ஒன்றை, அப்பாவின் ரவுட்டராலேயே, ஆறு மில்லிமீட்டர் உருட்டிக் கொடுத்தேன். பழையதை வாங்கி வந்தேன்.

சென்ற மாதம் மாமாவைத் தொலைபேசியில் அழைத்தேன். நினைவு நாளன்று எல்லோர் முன்னிலையிலும் நடந்ததை அவரே சொல்லிவிட்டால், இதை எழுத மாட்டேன் என்றேன்.

"ஐயோ, செத்தவரப் பத்தி இப்ப எதுக்கும்மா? யாரு ஞாபகம் வச்சிருக்கா? பழசக் கிளறாத லா. மலருக்கு நல்லதா நாலு வரி எழுது, மாமா வாசிச்சுடுறேன்."

எழுதினேன். அச்சுக்குப் போகும் முன் அம்மாவிடம் கொடுத்தேன். அம்மாவுக்கு உடன்பிறந்தவர் வேறு யாரும் இல்லை என்பதை நான் மறக்கவில்லை. அவர் வேண்டாம் என்றிருந்தால் கிழித்திருப்பேன். அம்மா சமையலறையில் நின்றபடியே படித்தார்.

"ஒரு வருஷமா வாராவாரம் வந்து என் கையால சாப்பிட்டுட்டுப் போறான். ஒரு வார்த்த சொல்லல. பேனா இருக்கா?"

வரிசையின் எட்டாவது இடத்தில், 'தவறான தகவல்' என்று எழுதியிருந்தேன். அம்மா அதை அடித்துவிட்டு, 'பொய்' என்று எழுதினார்.

நன்றிகள்: கடைசிவரை அப்பாவை அன்போடு கவனித்துக்கொண்ட தாதியருக்கு. கீழ்த்தளத்தில் மேசை நாற்காலி போட்டு, எடுத்துவைத்த அண்டை வீட்டார்க்கு. அன்று கடையில் நடந்ததை நினைவு வைத்திருந்து, யார் கேட்டாலும் சொல்வதாகக் கூறிய ஹார்டுவேர் கடை அங்கிளுக்கு. பலகையைக் கொடுத்ததோடு, இன்று நேரிலும் வந்திருக்கும் பொங்கோல் அம்மையாருக்கு. இதில் பெயர் விடுபட்டதாக நினைப்பவர் ஒருவர் இருந்தால், அது மறதியால் விடுபடவில்லை.

இன்றைய நிலை இது. அப்பாவின் ரவுட்டர் என்னிடம் இருக்கிறது, ஓடுகிறது. கடிபட்ட பலகையும் அந்த ரவுட்டரும், பதினாறு மில்லிமீட்டர் பிட் ஒன்றும், அப்பாவின் படத்துக்கு வலப்புறம் உள்ள மேசைமேல் வைக்கப்பட்டுள்ளன. யார் வேண்டுமானாலும் பிட்டை எடுத்துத் துளையில் வைத்துப் பார்க்கலாம். மலரின் முதல் கட்டுரையான இதை வாசிப்பவரை நாங்கள் மாற்றவில்லை. இன்றும் மாமாதான் வாசிக்கிறார். அவர் நடுவில் நிறுத்திவிட்டால், நிறுத்திய வரியிலிருந்து நான் வாசிப்பேன். முதல் வரிசையில் இடப்பக்கம் அமர்ந்திருக்கிறேன்.