ரோஸ் விளக்கில் பார்த்த மஞ்சள்

ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில் நாங்கள் கண்ணாடித் தொட்டியில் ஒரு கெலிசா, அதாவது அரோவானா மீன் வளர்க்கிறோம். தீபாவளிக்கு வரும் சீன, மலாய் நண்பர்கள் பலகாரத்துக்கு முன் அதைத்தான் பார்ப்பார்கள். இந்த முறை மீன் நல்ல சிவப்பாகத் தெரியட்டும் என்று தொட்டிக்கு மேல் ரோஸ் நிறக் குழல் விளக்கு மாட்டினேன். சிவப்பு ஏறும் என்று இறாலும் அதிகமாகப் போட்டேன்.

தின்றதுபோக மிஞ்சிய இறால் அழுகினால் தண்ணீரில் அம்மோனியா சேரும். அதைக் கண்டுபிடிக்கச் சோதனை மருந்து வைத்திருக்கிறேன். கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்தைச் சொட்டவேண்டும். மஞ்சளானால் நல்ல தண்ணீர், பச்சையானால் ஆபத்து. தினமும் தொட்டியருகிலேயே நின்று பார்த்தேன். மஞ்சளாகவே தெரிந்தது.

தீபாவளிக்கு முதல்நாள் காலை மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. மறுபடி சோதித்தேன். மஞ்சள்தான்.

“தண்ணி ஓகேலா,” என்றேன்.

“மீனு மூச்சு வாங்குது, ஓகேங்கிறீங்க!” என்றபடி குழாயைக் கழுவ எடுத்துப்போன என் மனைவி, துணி காயும் பின்வராந்தாவிலிருந்து கத்தினாள். “ஏங்க, இங்க வந்து பாருங்க. பச்சையால்ல இருக்கு!”

வெயிலில் அது பச்சையேதான். மருந்தில் குறையில்லை, ரோஸ் வெளிச்சத்தில் பார்த்ததுதான் தப்பு. தொட்டித் தண்ணீரில் பாதியை இறைத்துவிட்டு, பீப்பாயில் பிடித்துவைத்திருந்த தண்ணீரை ஊற்றினோம். முறுக்கு சுடவேண்டிய நேரம் வாளி தூக்குவதில் போயிற்று. சாயங்காலம் மீன் கீழே இறங்கி நீந்தியது.

இப்போது குழாயைப் பின்வராந்தாவுக்குக் கொண்டுபோய்த்தான் பார்க்கிறேன். ரோஸ் விளக்கை அன்றே கழற்றிவிட்டேன். தீபாவளிக்கு வந்தவர்கள் மீன் வெளுத்துவிட்டது என்றார்கள். அதன் நிறமே அதுதான்.