பனிச் சரிவில் கால் வைக்க மறுத்த சவரியப்பன் அய்யா

சவரியப்பன் அய்யா நேற்று மதியம் ஏலாக்குறிச்சியில் இறந்துவிட்டார். நூறுக்கு இன்னும் ஒரு வயது பாக்கி.

பெரம்பலூர் பஸ்ஸில் இருந்தபோது போன் வந்தது. அழுதுவிட்டேன்... பக்கத்து சீட்டு அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

ஆண்டிமடத்தில் நான் கிளார்க்காகச் சேர்ந்த முதல் ஆபீஸில் அவர் பியூன். அதற்கு முன்னால் பட்டாளம். சுதந்திரம் கிடைத்த வருஷத்துக் குளிர்காலத்தில் காஷ்மீர் மலையில் இருந்தவர்.

இன்று காலை எங்கள் பழைய ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர், "பனிக்குப் பயந்த பட்டாளத்தான் போயிட்டாரா, பாவம்" என்று போட்டிருக்கிறார். கூடவே சிரிப்பு எமோஜி வேறு.

அப்படிப் போட்டவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். முழுசாகப் படியுங்கள் சார்.

அய்யா இதை எனக்கு ஒரு டீ டயத்தில் சொன்னார். இரண்டு நாள் காற்றோடு பனி கொட்டியிருக்கிறது. மூன்றாம் நாள் சுள்ளென்று வெயில்.

சரிவைத் தாண்டி அந்தப் பக்கம் இருந்த முகாமுக்குத் தோட்டாப் பெட்டிகள் போக வேண்டும். உடனே கடக்கச் சொல்லி கேப்டன் உத்தரவு. அய்யா அப்போது லான்ஸ் நாயக், சட்டைக் கையில் ஒரு பட்டை. அவருக்குக் கீழே ஆறு பேர், எல்லோரும் நம் பக்கத்து ஆட்கள்.

ஓரத்தில் ஒரு காலை வைத்துப் பார்த்திருக்கிறார். அடியில் 'தொம்' என்று சத்தம். காலடியிலிருந்து ஒரு விரிசல் ஓடியது. புதுப் பனி பழைய பனியோடு இன்னும் ஒட்டவில்லை.

"முந்திரிக்கொட்டைக் குவியல்ல அடியில கைய வச்சா மொத்தமும் வரும்ல, அந்த மாதிரிம்மா" என்றார் என்னிடம்.

கேப்டனிடம் சொன்னது இவ்வளவுதான். "இன்னைக்கு முடியாதுங்க சார். ராத்திரிக் குளுருல இறுகட்டும். விடியறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தனா போறோம்."

கேப்டன் கத்தினார். அய்யா தோட்டாப் பெட்டி மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் இருட்டோடு கிளம்பினார்கள். ஆனால் நம்மவர்கள் குணம் இருக்கிறதே... பயம் வந்ததும் ஆறு பேரும் கைகோத்து, ஜெபமாலை சொல்லிக்கொண்டு, திருவிழாக் கூட்டம் மாதிரி மொத்தமாக நடக்கப் பார்த்திருக்கிறார்கள். அத்தனை பேர் எடையும் ஒரே இடத்தில்.

"டேய், இது சப்பரம் இல்ல. தள்ளித் தள்ளி நில்லுங்க. தனித்தனியா சொன்னாலும் மாதாவுக்குக் கேக்கும்."

ஆளுக்கு ஒரு நீளமான சிவப்புக் கயிறு, இடுப்பிலிருந்து பின்னால் இழுபட்டுக்கொண்டே வரும். ஆள் புதைந்தால் கயிற்றைப் பார்த்துத் தோண்டலாம். ஒருவன் அந்தப் பக்கம் சேர்ந்த பிறகுதான் அடுத்தவன். கடைசியில் அய்யா.

ஏழு பேரும் போய்ச் சேர்ந்தார்கள். பெட்டிகளும் சேர்ந்தன.

ஆனால் அந்தச் சரிவு சரியவே இல்லை. முந்தின நாளும் இல்லை, அன்றும் இல்லை. சரிந்திருந்தால் மெடல் கொடுத்திருப்பார்களோ என்னவோ... சரியாததால், உத்தரவை மீறினார் என்று பட்டையைப் பிடுங்கி வெறும் சிப்பாயாக்கிவிட்டார்கள்.

பக்கத்தில் டீ குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்த எங்கள் ஹெட் கிளார்க்குக்கு இது போதாதா. "என்ன சவரி, கடைசி வரைக்கும் பனி சரியவே இல்லியாமே?"

"ஆமாங்க சார், சரியல. ஆறு பேரும் வூடு வந்துட்டானுவ. இதுல என்னங்க சார் குறை?"

அன்றைக்கு ஆபீஸில் யாரும் சிரிக்கவில்லை. எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. புதுசாகச் சேர்ந்தவள், தட்டவில்லை. இன்றுவரை அந்த வருத்தம் இருக்கிறது.

மன்னிப்புக் கடிதம் எழுதினால் பட்டையைத் திருப்பித் தருகிறோம் என்றார்களாம். எழுதவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"எழுதுனா நான் செஞ்சது தப்புன்னு ஆயிடும்லம்மா. அடுத்து வரவன் அதப் பாத்துட்டு ஆறு பேரக் கூட்டிட்டுப் போயி கால வச்சிருவான்."

இப்போது அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்துதான் டைப் பண்ணுகிறேன். ஃபிளெக்ஸில் 'லான்ஸ் நாயக்' என்று போடலாம், யாருக்குத் தெரியப் போகிறது என்றார் சொந்தக்காரர் ஒருவர். அய்யாவின் மகள் செல்வி ஒத்துக்கொள்ளவில்லை.

"சிப்பாய்னு போடுங்க மாமா. கீழ 'உத்தரவை மறுத்தவர்'னு போடுங்க."

"ஊரு சிரிக்கும்மா."

"சிரிக்கட்டும்."

தெருமுனையில் கட்டிவிட்டார்கள். பெரிய எழுத்து, பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரியும்.

போய் வாருங்கள் அய்யா. ஒரு எழுத்தும் விட்டுப்போகவில்லை... நானே இரண்டு தடவை சரிபார்த்துவிட்டேன்.