ஒரு வரி வெள்ளை, ஒரு வரி நீலம்

என் மனைவிக்குக் குழந்தை பிறந்த அன்று மதியம், பிரசவ அறையிலிருந்து நர்ஸ் ஓடி வந்தார். "ரத்தம் நிக்காம போய்க்கினே கீதுங்க. ஓ நெகட்டிவ். இங்க இருக்கறது பத்தாது, சீக்கிரம் ஆள் கூட்டியாங்க."

கள்ளக்குறிச்சி சுற்றுவட்டாரத்தில் ரத்தம் கொடுப்பவர்களின் பெயர், ஊர், ரத்தப் பிரிவு, போன் நம்பர் எல்லாம் உள்ள ஓர் இணையப் பக்கத்தை நண்பர்களுக்காக நான்தான் செய்திருந்தேன். அதை உறவுக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினேன். ஆளுக்கொரு ஊரைத் தேர்ந்தெடுத்து அழைக்கத் தொடங்கினார்கள்.

வெள்ளிமலையிலிருந்து வந்திருந்த மனைவியின் அண்ணன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இன்னா மாப்ள இது? ஓ நெகட்டிவ்னு பாத்து போட்டா, எடுக்கறவன் எல்லாம் பி பாசிட்டிவ்ன்றான்!"

வாங்கிப் பார்த்தேன். பெயரும் பிரிவும் இடது ஓரம், நம்பர் வலது ஓரம். கண் தடுமாறாமலிருக்க ஒரு வரி வெள்ளை, அடுத்த வரி நீலம் என்று வைத்திருந்தேன். ஆனால் ஊரைத் தேர்ந்தெடுத்தால் மற்ற ஊர்க்காரர்களின் வரிகள் மறைந்துவிடும். நிறமோ மறைந்த வரிகளையும் சேர்த்தே எண்ணிக்கொண்டிருந்தது. அதனால் மிஞ்சியவற்றில் வெள்ளை வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. நானும் ஒரு நம்பரைப் போட்டேன். கண் பக்கத்து வரியின் நம்பருக்குத் தாவியிருந்தது, வேறு யாரோ எடுத்தார்.

மாடிப்படியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். கண்ணுக்குத் தெரிகிற வரிகளை மட்டும் எண்ணி, மாற்றி மாற்றி நிறம் கொடுக்க, பக்கத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் சில வரிகள் எழுதினால் போதும். மற்ற நாளில் டீ ஆறுவதற்குள் முடிந்திருக்கும். அன்று அடித்ததையே அழித்து அழித்து அடித்தேன். எழுதி ஏற்றினேன், நிறங்கள் சரியாக வந்தன. சின்னசேலம் என்று ஊரை மாற்றியதும் மறுபடி குலைந்தன. ஒவ்வொரு முறை ஊர் மாறும்போதும் நான் எழுதியதைத் திரும்ப ஓடச் சொல்லியிருக்க வேண்டும். பிரசவ அறைக்குள் என் மனைவியின் பெயரைச் சொல்லிச் சத்தமாக எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அவள் பதில் சொல்கிறாளா என்று காதைத் தீட்டிக்கொண்டே அதற்கான வரியை அடித்தேன்.

"மச்சான், இப்ப போடுங்க."

அவர் நீல வரியின் மேல் விரலை இழுத்துக்கொண்டே போய் நம்பரைத் தொட்டார். "ஓ நெகட்டிவ் தானங்க? என் தங்கச்சிங்க... எங்க கீறீங்க?"

எடுத்தவர் டிராக்டர் ஓட்டுபவர். மூங்கில்துறைப்பட்டு ஆலையில் கரும்பு லோடோடு வரிசையில் நின்றிருந்தாராம். வண்டியை இன்னொருவரிடம் விட்டுவிட்டு, யாருடைய பைக்கிலோ ஏறி வந்து சேர்ந்தார். சட்டையெல்லாம் கரும்புச் சோகை. என்னைப் பார்த்ததும், "நீங்க மொதல்ல ஒக்காருங்க" என்றார். சின்னசேலத்திலிருந்தும் ஒரு பெண் பஸ் பிடித்து வந்தார்.

இருட்டத் தொடங்கியபோது டாக்டர் வெளியே வந்தார். கர்ப்பப்பையை எடுத்த பிறகுதான் ரத்தம் நின்றதாம். குழந்தை நலம், அவள் உயிருக்கும் இனிப் பயமில்லை என்றார். மச்சான் வராந்தாவில் அப்படியே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டேன்.