பட்டுப் பிரிவில் கேட்டதும் பயிற்சியில் வைத்ததும்

அன்று அந்த அக்கா யாரிடம் பேசினார்? அலுவலக வேலையாக வந்திருந்த என்னிடமா, தன் மடியில் தூங்கிய குழந்தையின் அம்மாவிடமா? இரண்டு மாதமாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் ஒரு பதில் சரியாகப் படுகிறது, மறுநாள் மற்றது.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு நிறுவனத்தில் புதிய முறை வரும்போது அதை ஊழியர்களிடம் எடுத்துச் செல்லும் மேலாளர்களுக்கு நாங்கள் பயிற்சி கொடுக்கிறோம். பாடம் நடத்துவதில்லை. அவர்களுடைய வேலையிடத்தையே ஓர் அறையில் அமைத்து, ஊழியராக நடிக்க ஒருவரை நிறுத்தி, மேலாளரை உள்ளே அனுப்புவோம். அவர் பேசுவதைப் பொறுத்துக் காட்சி நல்லபடியாகவோ கெட்டபடியாகவோ திரும்பும். அந்தக் காட்சிகளை எழுதுவது நான்.

இந்த முறை தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடை. அதுவரை விற்பவர்கள் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும், மற்றதை பில் போடுகிற இடத்தில் பார்த்துக்கொள்வார்கள். இனி ஒவ்வொருவர் கையிலும் போன் போல ஒரு மெஷின். சேலையை ஸ்கேன் செய்து விவரத்தை அவர்களே அடிக்க வேண்டும். பழைய ஆட்கள் பிடிகொடுக்க மாட்டேன் என்கிறார்கள், காரணம் தெரியவில்லை என்றார்கள் நிர்வாகத்தில்.

முதல் நாள் கடையின் சாப்பாட்டு அறையில் ஐந்து பேரைச் சந்தித்தேன். “நீங்க சொல்றது உங்க பேர்ல வெளிய போகாது” என்று உறுதி கொடுத்துவிட்டுத்தான் கேட்டேன். “நல்லாருக்கு மேடம்.” “ஈசிதான் மேடம்.” ஐவரும் இதையே சொன்னார்கள். பட்டுப் பிரிவில் இருபது வருடமாக இருக்கும் அந்த அக்காவும் அவர்களில் ஒருவர்.

இரண்டாம் நாள் என் மகளை விடும் காப்பகத்தில் ஒரு குழந்தைக்கு அம்மை போட்டிருந்ததால் மூடிவிட்டார்கள். என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. இரண்டு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மேற்கு மாம்பலத்திலிருந்து பாலம் ஏறி இறங்கிக் கடைக்குப் போனேன். கூட்டத்தில் அவள் சிணுங்கத் தொடங்கியிருந்தாள். மூன்றாவது மாடியில், வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் உட்கார்ந்திருந்த அக்கா கையை நீட்டினார்.

“ஏம்மா, பச்சப் புள்ளயத் தூக்கிக்கிட்டா இந்தக் கூட்டத்துல வார? குடு இங்கன.”

நேற்றைய ‘மேடம்’ என்ற அழைப்பு காணாமல் போயிருந்தது. பட்டுச்சேலை மடிப்புக்குள் வைக்கும் மெல்லிய தாளை உருவி மகளிடம் கொடுத்து, “கசக்கு குட்டி, சத்தம் வருதா?” என்றார். அவள் கசக்கிக் கசக்கிச் சிரித்து, அவர் மடியிலேயே தூங்கிப்போனாள்.

அப்போதுதான் பேசினார். “நேத்து நல்லாருக்குன்னு சொல்லிட்டேன். மேனேசர் வாசல்ல நின்னா வேற என்னத்தச் சொல்ல? மெஷினக் கண்டாலே பரிச்சைக்குப் போற மாதிரி இருக்கு தாயி. நான் படிச்சது அஞ்சாப்பு. எழுத்து பொடியாக் கெடக்கு, அதுவும் இங்கிலீசு. பக்கத்து செக்‌ஷன் புள்ளதான் எனக்கும் சேத்து அடிச்சுக் குடுக்கா. அவ விரிச்சுப் போட்ட சேலையெல்லாம் நான் மடிச்சுக் குடுத்திருவேன். அவ மடிச்சா சேல சாக்கு மூட்ட மாதிரியில்லா இருக்கும்!”

இருவரும் சிரித்தோம்.

“யார்ட்டயும் சொல்லிராத, என்ன? கல்யாணத்துக்கு எடுக்க வாரவங்க என்னயத்தான் தேடி வாராவ. அம்மாக்காரிக்கு நான்தான் எடுத்துக் குடுத்தேன், இப்ப மவளுக்கும் நான்தான். இந்த மெத்தைய விட்டு எறக்கிட்டாங்கன்னா நான் என்ன செய்ய?”

நான் தலையாட்டினேன். மகளுக்குப் பால் கொடுக்கும் நேரம் தாண்டியிருந்தது. எழுப்பியிருக்கலாம். அக்கா இன்னும் பேசிக்கொண்டிருந்ததால் எழுப்பவில்லை. அதை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

அன்று மாலையே காட்சியை எழுதினேன். மேடத்திடம் சொன்னதென்றால் அடையாளத்தை மாற்றிப் பயன்படுத்த எனக்கு உரிமை உண்டு; ஐவரிடமும் முதலிலேயே சொன்னதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மாவிடம் சொன்னதென்றால் ஒரு வரி எடுக்கவும் உரிமையில்லை என்பது அப்போது தோன்றவில்லை. பட்டுப் பிரிவைக் குழந்தைகள் துணிப் பிரிவாக்கினேன். வயதில் பத்தைக் குறைத்தேன். ஊரை மாற்றினேன். ஒருத்தி அடித்துக் கொடுக்க, இன்னொருத்தி மடித்துக் கொடுக்கும் அந்த ஏற்பாட்டை மட்டும் அப்படியே விட்டேன். காட்சிக்கு உயிரே அதுதான். ஒரு மனிதரைப் பேரும் வயதும் அல்ல, வேலை செய்கிற விதம் காட்டிக்கொடுக்கும் என்று இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

பயிற்சி கிண்டியில் ஒரு வாடகை அரங்கில் நடந்தது. கடையிலிருந்தே அலமாரிகளும் துணிகளும் வந்திருந்தன. நடிக்க வந்த பெண் அருமையாகச் செய்தாள். பாதியில், மூன்றாவது மாடி மேலாளர் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

“அட, இது நம்ம பட்டு அக்கா! அதான் பக்கத்து செக்‌ஷன்ல போய் மடிச்சிக்கிட்டே நிக்கிறாங்களா? நான்கூடப் பெரிய மனசுன்னு நெனச்சேன்!”

“கற்பனை சார், யாரையும் வச்சு எழுதல” என்றேன்.

“இருக்கட்டும் மேடம், நான் எதுவும் கேக்கல” என்று கண்ணைச் சிமிட்டினார்.

அவர் முறை வந்தபோது மிக நன்றாகச் செய்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும். நடிகையின் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, கடைசியில் அந்த இரண்டு பேரையும் ஜோடியாகவே வேலை செய்ய விடும் வழியைத் தேர்ந்தெடுத்தார். எல்லோரும் கைதட்டினோம். ‘நிஜம் மாதிரியே இருந்தது’ என்று கருத்துத் தாளில் எழுதினார்கள். எங்கள் நிறுவனத்தில் என்னைப் பாராட்டினார்கள். அக்காவுக்கு நல்லதுதான் நடக்கப்போகிறது என்று நானும் நம்பிக்கொண்டேன், அல்லது நம்பினால் தேவலை என்று இருந்தது.

மூன்று வாரம் கழித்து, அத்தை மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க மகளோடு போனேன். மெத்தையில் வேறு யாரோ. அக்கா தரைத்தளத்தில், பில்லில் முத்திரை குத்திப் பையை எடுத்துக் கொடுக்கும் இடத்தில் நின்றிருந்தார்.

“வாம்மா! குட்டி வளந்துட்டாளே!” மேசையடியில் பத்திரமாக வைத்திருந்த தாள் ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“என்னக்கா, இங்க?”

“மாத்திட்டாவ. ஆனா மேனேசரக் கொற சொல்ல முடியாது தாயி. பக்கத்துல ஒக்காந்து, ‘உங்க அனுபவத்த நாங்க மதிக்கிறோம், இதுல உங்களுக்கு எது கஷ்டமா இருக்கு, மனசு விட்டுச் சொல்லுங்க’ன்னு கேட்டாவ. இத்தன வருசத்துல என்னய ஒருத்தரும் ஒக்கார வச்சுப் பேசினதில்ல. எனக்கு அழுகையே வந்துட்டு. அப்பறம் எப்படி மாட்டேன்னு சொல்ல?”

அந்த வாக்கியங்கள் ஒவ்வொன்றும் நான் எழுதியவை. காற்புள்ளிகூட மாறவில்லை.

பிறகு குரலைத் தாழ்த்தினார். “அந்தப் புள்ளதான் போட்டுக் குடுத்திருக்கா. வேற யாருக்குத் தெரியும்? சின்னப் புள்ளன்னு விட்டுட்டேன். ஆனா பேசுறதில்ல. எதுத்தாப்புல வந்தா அழுவா. என்னத்துக்கு அழுகைங்கேன்?”

உன்னிடமும் சொன்னேனே என்று அவருக்குத் தோன்றவே இல்லை. என்மீது அத்தனை நம்பிக்கை. நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். “குழந்தைக்குத் தூக்கம் வந்துடுச்சுக்கா” என்று சொல்லிவிட்டு, சேலை எடுக்காமலே திரும்பினேன். மகளுக்குத் தூக்கமே வரவில்லை. வழி நெடுக தாளைக் கசக்கிக்கொண்டே வந்தாள்.

கணவரிடம் சொன்னபோது, “நீ பேர் போட்டியா? இல்லல்ல? அப்புறம் என்ன? ஓவரா யோசிக்காத” என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, “அந்தப் பொண்ணுதான் பாவம்” என்றார்.

அதுதான் எனக்கும் உறுத்துகிறது. நான் வாய் திறக்காதவரை, செய்யாத தப்புக்கு அந்தப் பெண் பழி சுமக்கிறாள். சொன்னால், மேலாளர் தன்னை மதித்துப் பேசினார் என்று அக்கா வைத்திருக்கும் ஒரே ஆறுதலும் போய்விடும். அந்தப் பேச்சே நான் எழுதிக் கொடுத்தது என்று தெரிந்துவிடும். நிர்வாகத்துக்கு எழுதி அவரை மறுபடி மெத்தைக்கு அனுப்பச் சொல்லலாம். ஆனால் இப்போது ஒரு மேலாளருக்கு மட்டும் தெரிந்தது பிறகு முதலாளி வரை போகும். அவர் என்ன முடிவெடுப்பார் என்று எனக்குத் தெரியாது. ஒருமுறை தெரியும் என்று நினைத்ததில் வந்ததுதான் இத்தனையும்.

போன வாரம் இரண்டு முறை கடை வாசல் வரை போய்த் திரும்பினேன்.

இதைப் படிக்கும் நீங்கள், உங்களை நம்பிய ஒருவரிடம் இப்படி ஒன்றை ஒப்புக்கொண்டிருந்தால், தயவுசெய்து எழுதுங்கள். முதலில் யாரிடம் போகட்டும், அக்காவிடமா, அந்தப் பெண்ணிடமா? கடையில் சொல்வதா, வெளியே அழைத்துப்போய்ச் சொல்வதா? மகளை அழைத்துப் போகலாமா? அவளைப் பார்த்தால் அக்கா மனம் இளகும் என்று எனக்குத் தெரியும். அதனாலேயே கூடாது என்றும் படுகிறது.