பத்து விரலுக்கும் பாலிஷ்

இரண்டு மாதங்களுக்கு முன் ஃபிஜிக்குப் போயிருந்தோம். பா நகரத்தில், வரதோலியில், என் மைத்துனன் சின்னசாமி வீடு. சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்த என் மனைவி கமலத்தின் கையை அவன் பேத்தி பிடித்து இழுத்தாள். ஃபிஜி இந்தியில் ஒரு கேள்வி — உங்கள் கட்டைவிரல் ஏன் பாதியில் நிற்கிறது?

“கார் கதவுல மாட்டிக்கிச்சு கண்ணு” என்றாள் கமலம்.

நான் தட்டைப் பார்த்துக்கொண்டேன். இருபது வருடங்களுக்கு மேலாக அவள் எல்லோரிடமும் சொல்லிவரும் பொய் அது. யாரைக் காப்பாற்ற? என்னைத்தான்.

நடந்தது இது. இரண்டாயிரமாவது வருடம். ஃபிஜியில் இந்திய வம்சாவளிப் பிரதமரின் ஆட்சியைக் கவிழ்க்க, நாடாளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்தார்கள். பாவில் பள்ளி ஆசிரியராக இருந்த நானும், பலரைப் போல, நியூசிலாந்தில் குடியேற மனுப் போட்டேன். அப்போதுதான் கமலத்தின் கட்டைவிரல் நகத்தில் பென்சிலால் கீறியது மாதிரி ஒரு கறுப்புக் கோடு. மாதம் போகப் போக அகலமானது. நகத்தைத் தாண்டித் தோலிலும் இறங்கியது.

“ஏங்க, டாக்டருகிட்ட காட்டலாமா?”

“மெடிக்கல் முடியட்டும். இப்ப எதையாவது எழுதி வச்சா விசா போச்சு.”

அதோடு நிறுத்தினேனா? பரிசோதனைக்கு முதல் நாள் கடைக்குப் போய் அடர் சிவப்பு நெயில் பாலிஷ் வாங்கி வந்தேன். ஒரு விரலுக்கு மட்டும் பூசினால் சந்தேகம் வருமே... பத்து விரலுக்கும் நானே பூசினேன். தோலில் இருந்த கறுப்புக்கு மேல் ஒரு பிளாஸ்டர். “கேட்டா கத்தி பட்டுதுன்னு சொல்லு.”

விசா பரிசோதனை நடந்த நமாகா கிளினிக்கில், டாக்டரம்மா பிளாஸ்டரைப் பார்த்துக் கேட்டார். கமலம் சொன்னாள். பாஸ்! பஸ்ஸில் திரும்பும்போது என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆக்லாந்துக்கு வந்தும் வேலை, வீடு என்று தள்ளிப்போட்டேன். நகம் பிளந்து ரத்தம் கசிந்த பிறகுதான் டாக்டர். மெலனோமா — தோல் புற்றுநோயில் பொல்லாத ரகம். “அது வெள்ளைக்காரர்களுக்கு வருவதல்லவா?” என்று கேட்டேன். நம் நிறத்தவர்களுக்கும் வரும், அதுவும் உள்ளங்காலிலும் நகத்தடியிலும் ஒளிந்துகொண்டு வரும் என்றார்.

எத்தனை நாளாக இருக்கிறது என்று அவர் கேட்டபோது, கமலம் என் பக்கம் திரும்பாமல், “இப்பத்தான் கவனிச்சேன்” என்றாள்.

கட்டைவிரலில் ஒரு கணுவை வெட்டி எடுத்தார்கள். நல்லவேளை, வேறெங்கும் பரவவில்லை.

மறுபடியும் அந்த வரதோலிச் சாப்பாட்டுக்கு வருகிறேன். கை கழுவும்போதுதான் சின்னசாமியின் காது மடலில் ஒரு புண்ணைக் கண்டேன். பொருக்குத் தட்டும், உதிரும், ரத்தம் வரும் — நாலு மாதமாக இப்படியாம். வாழ்நாளெல்லாம் கரும்புக் காட்டு வெயிலில் நின்றவன்.

“ஆஸ்பத்திரிக்குப் போனியா?”

“ஆஸ்திரேலியாவுல மவன்கிட்ட போவ பேப்பர் போட்டிருக்கேன் மச்சான். மெடிக்கல் ஆவட்டும், அப்பால பாத்துக்கலாம்.”

சொல்லிவிட்டேன். பாலிஷ், பிளாஸ்டர், பஸ்ஸில் மெச்சிக்கொண்டது — எல்லாவற்றையும், எல்லோர் முன்னாலும்.

சின்னசாமி அக்காவின் கையையே பார்த்தான். “கதவுன்னு சொன்னியே அக்கா” என்றான். அவள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவன் அதற்கப்புறம் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனான்.

போன வாரம் ஃபோன் செய்தான். அதுவும் தோல் புற்றுநோய்தான் — ஆனால் வெயிலால் வருவது, மெதுவாக வளர்வது. சுற்றியிருந்த தோலோடு வெட்டித் தைத்துவிட்டார்களாம். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் காதே போயிருக்குமாம்.

ஆறாத புண், உருமாறும் மச்சம், ஒற்றை நகத்தில் அகலமாகும் கோடு... இருந்தால் காட்டிவிடுங்கள். எந்த விசாவும் காத்திருக்கட்டும்.

ஊரைக் கூட்டிக் குற்றத்தை ஒப்புக்கொண்டவன்தான் நான். கமலத்திடம் மன்னிப்புக் கேட்க மட்டும் அதற்கப்புறமும் இரண்டு நாள் ஆயிற்று!