பையனைப் பெண்ணாக்கிச் சொன்ன கதை

எங்கள் லயத்தில், ரப்பர்த் தோட்டக் கூலிகளின் அந்த வீட்டு வரிசையில், ஆங்கிலப் புத்தகம் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மலாயாவின் கோல சிலாங்கூர்ப் பள்ளியில் எனக்குப் பரிசாகக் கிடைத்த சிறுவர் நாவலை, பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்துவிட்டுத் திரும்பும் என் தோழிக்குத் தினமும் மதியம் தமிழில் சொல்வேன். அவளை இரண்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள்.

கதையில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் சேர்ந்து காட்டில் சுற்றுவார்கள். பெண் ஆற்றில் மூழ்கி இறந்துவிட, பையன் தினமும் அவள் கல்லறைக்குப் போவான். பையனோடு சுற்றும் கதை என்று தெரிந்தால் தோழியின் அம்மா என்னை வாசலிலேயே நிறுத்திவிடுவார். அதனால் பையனையும் பெண்ணாக்கிவிட்டேன். அவ்வளவு சுலபமாக மாற்ற முடிந்ததில் எனக்குப் பெருமைகூட.

"ரெண்டு பொட்டப்புள்ளைங்கள ஆத்தங்கரைக்குத் தனியா விட்டுருக்காங்களே, அதுங்களுக்கு ஆத்தா இல்லியா?" என்று தோழி சிரித்தாள். கல்லறை வந்ததும் சிரிப்பு நின்றது.

"நான் செத்தா நீயும் இப்படி வருவியாடி?"

"வருவேன்லா. நான் முன்னாடி போயிட்டா?"

"நீ படிச்சவ. ஒங்கிட்ட இங்கிலீசுல பேசணுமேன்னு எமனே வரமாட்டான்."

அடுத்த மாதம் நான் வயதுக்கு வந்தேன். லயத்தின் ஓரத்தில் தென்னங்கீற்றுக் குச்சு கட்டிப் பதினாறு நாள் உட்கார வைத்தார்கள். ஏழாம் நாள் தப்பு மேளச் சத்தம் கேட்டது. அம்மா சோறு கொண்டுவந்தபோதுதான், மூன்று நாள் காய்ச்சலில் என் தோழி இறந்துபோனது தெரிந்தது.

"முகத்த மட்டும் பாத்துட்டு வந்துடறேம்மா."

"சடங்கு முடியாத புள்ள எழவு வீட்டுக்குப் போறதா? வாய மூடு."

"அப்புறம் சுடுகாட்டுக்காவது..."

"பொம்பள எவடி சுடுகாட்டுக்குப் போனா? இதத்தான் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்களா?"

கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம் அது. லயத்தைச் சுற்றி முள்கம்பி, பிணம் புதைக்கும் சுடுகாடு அதற்கு வெளியே. கேட்டில் நின்ற போலீஸ்காரர்கள் நான்கு ஆண்களை மட்டுமே போகவிட்டார்கள். என் அப்பா அதில் ஒருவர். பாடை போவதைக் கீற்று இடுக்கில் பார்த்தேன். அவள் முகம் தெரியவில்லை. கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிய துணி மட்டும் தெரிந்தது.

அன்று அந்தப் புத்தகத்துப் பையனை வெறுத்தேன். அவன் யாரிடமும் கேட்கவில்லை. எழுந்தான், போனான். அவனை நான் பெண்ணாக்கிய கணத்திலேயே கதை நின்றுபோயிருக்க வேண்டும்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றி வீட்டுக்குள் அழைத்த அன்று, அவளை எங்கே புதைத்தீர்கள் என்று அப்பாவிடம் கேட்டேன்.

"ஒரு மரத்துப் பக்கத்துலம்மா."

"எந்த மரம்ப்பா?"

"கேட்டுல சீக்கிரம் திரும்பச் சொல்லிட்டான். அடையாளம் ஒண்ணும் வைக்கல. எல்லாம் ரப்பர் மரம். எதன்னு சொல்றது?"